குச்சி வெல்டிங்: ஆரம்பப் பாடம்



இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனிடம் நமது வாலிபர்கள் வந்து விசாரிக்கும் சாமான்களில் இப்பொழுதெல்லாம் வெல்டிங் மிஷினுக்குத்தான் முதல் இடம். முன்பு அது இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனமான பெட்டி. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். இப்பொழுது இன்வெர்ட்டர் மிஷின் வந்து, தோளில் பையைப் போல மாட்டிக்கொண்டு போகும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. விலையும் இறங்கிவிட்டது. ஆகவே, ஒட்டுக்கடை மேஜைக்குக் கால் வைக்கவும், வீட்டுக் கதவின் கிரில்லைச் சரிசெய்யவும், மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் கூடை பொருத்தவும் அவரவரே துணிந்துவிடுகிறார்கள். துணிவு நல்லதுதான். ஆனால் மிஷினை வாங்கிப்போகும் பத்துப் பேரில் ஒருவர்கூட, இதை எப்படிப் பழகுவது என்று என்னிடம் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமான கதைதான், ஆனாலும் பாடம் அதில்தான் இருக்கிறது.

2011-ஆம் ஆண்டு ரமலான் மாதம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய சட்டிக்கு அடுப்பு ஸ்டாண்டு ஒன்று வேண்டும் என்றார்கள். நானே செய்து தருகிறேன் என்று வலியப்போய் ஏற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு வெல்டிங் தெரியும் என்பது என் அபிப்பிராயம். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள் இரும்பில் நான்கு கால்கள், மேலே பட்டையை வளைத்து ஒரு வளையம். கடையில் கிடந்த இரண்டு மில்லிமீட்டர் குச்சியை எடுத்து, மிஷினை ஐம்பது ஆம்பியரில் வைத்து, கால்களை வளையத்தின் பக்கவாட்டில் வைத்து ஒட்டினேன். துருவைச் சுரண்டவில்லை. ஒட்டுப் பார்வைக்குக் கயிறு திரித்தாற்போல அழகாக இருந்தது. கறுப்புப் பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

ஒன்பதாம் நோன்பன்று, சட்டியில் எண்பது லிட்டர் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு கால் கழன்று விழுந்தது. சட்டி சரிந்தது. சமையலுக்கு ஒத்தாசை செய்த பையன் ஒருவனின் வலது பாதம் வெந்துவிட்டது. மூன்று வாரம் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனுடைய தாயார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றுவரை என் மனத்தில் முள்ளாகக் கிடக்கிறது.

மறுநாள் அந்த ஸ்டாண்டை லோரியில் ஏற்றி, எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த வயதான சீனரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் சுத்தியலை எடுத்து மற்ற மூன்று கால்களையும் ஒவ்வொரு தட்டுத் தட்டினார். மூன்றும் கழன்றன. ஒட்டு இருந்த இடத்தை எனக்குக் காட்டினார். அதன் அடியில் நான் பார்த்தது பழைய துருவும், ஆலையில் உருட்டும்போது படியும் கருஞ்சாயலும்தான். இரும்பு எங்குமே உருகியிருக்கவில்லை. மேலே உருகி விழுந்த குச்சியின் உலோகம், ஆறிப்போன மெழுகைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தது. வெல்டிங் என்பது ஒட்டுவதன்று. இரண்டு இரும்பையும் உருக்கி ஒன்றாகக் கலப்பது என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன்பிறகு ஆறு மாத காலம், கடையை அடைத்தபின் அவரிடம் போய்ப் பழகினேன். கீழே எழுதுவதெல்லாம் அங்கே கற்றதும், பின்னர் அனுபவத்தில் கண்டதும்.

தாவூது நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்த செய்தி சபா அத்தியாயத்தில் வருகிறது. கவசத்தின் வளையங்களை அளவோடு கோக்கும்படி அங்கே அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மதரஸாவில் ஓதிய நாளில் இந்த ‘அளவு’ என்ற பேச்சை நான் கவனித்ததே இல்லை. வெல்டிங்கில் எல்லாமே அளவுதான்: குச்சிக்கு அளவு, கரண்டுக்கு அளவு, தூரத்துக்கு அளவு, வேகத்துக்கு அளவு.

குச்சியும் கரண்டும்

குச்சியின் நடுவில் இருப்பது இரும்புக் கம்பி. மேலே இருப்பது மருந்துப் பூச்சு. இந்தப் பூச்சை முதன்முதலில் பயன்படுத்தி வெற்றி கண்டவர் சுவீடன் தேசத்து ஆஸ்கார் செல்பர்க். 1904-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு கம்பெனியையும் தொடங்கினார். பூச்சு எரியும்போது புகையாகி, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் மூடுகிறது. மிச்சம் கசடாகி, ஆறும்வரை மேலே போர்வை போல் கிடக்கிறது. காற்றுப் பட்டால் உருகிய இரும்பு பொரிந்து, தேன்கூடு போல் ஓட்டை ஓட்டையாகிவிடும். வெறுங்கம்பியைக் கொண்டு நல்ல ஒட்டு வராததற்குக் காரணம் இதுவே.

பெட்டியின்மேல் இ 6013 என்று போட்டிருக்கும். இதில் முதல் இரண்டு எண்கள் பலத்தைக் குறிப்பவை. விழும் உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு இழுப்பைத் தாங்கும் என்று பொருள். மூன்றாவதான 1, எந்த நிலையில் வைத்தும் இக்குச்சியை ஓட்டலாம் என்பதற்கு அடையாளம். கடைசி எண், பூச்சின் வகையையும் ஏற்ற கரண்டையும் சொல்லும். பழகுகிறவர்கள் 6013-ஐத் தவிர வேறொன்றையும் தொட வேண்டாம். எளிதில் பற்றும், சாந்தமாக எரியும், கசடு தானே உரிந்து வரும். 7018 என்பது அதைவிடப் பலமான குச்சி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சினால் அதிலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, ஒட்டு ஆறியபின் உள்ளே வெடிப்பு விழும். அதனால்தான் பெரிய பட்டறைகளில் அதை அடுப்பில் சூடாக வைத்திருந்து, வேண்டும்போது எடுக்கிறார்கள். நமது நாட்டு ஈரக்காற்றில் 6013-கூடத் திறந்துவைத்தால் நமத்துப்போய்ப் படபடவென்று தெறிக்கும். உறை கிழிந்த பெட்டியை யாரும் வாங்க வேண்டாம். அது என் கடையில் இருந்தாலும் சரி.

கரண்டைப் பொறுத்தவரை, 2.5 அல்லது 2.6 மில்லிமீட்டர் குச்சிக்கு 70 முதல் 90 ஆம்பியர், 3.2 மில்லிமீட்டர் குச்சிக்கு 100 முதல் 130 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியிலும் எழுதியிருக்கும், அதைப் படிக்கவும். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக்குச் சின்னக் குச்சி போதும். ஐந்து, ஆறு என்று போனால் 3.2 எடுக்கவும். ஐந்து மில்லிமீட்டர் ஆங்கிளுக்கு 2.0 குச்சியும் ஐம்பது ஆம்பியரும் வைத்த என்னைப் போன்ற மூடத்தனம் வேண்டாம்.

இன்வெர்ட்டர் மிஷினில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு துவாரங்கள் உண்டு. 6013-ஐ எதில் மாட்டினாலும் எரியும். மெல்லிய தகட்டுக்குக் குச்சியைக் கழித்தலில் மாட்டினால் ஓட்டை விழுவது குறையும். 7018-க்குக் கூட்டல்.

மிஷினின் மேல் 200 ஆம்பியர் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நமது வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது கொடுக்கக்கூடியது 2990 வாட். 3.2 குச்சியை 120 ஆம்பியரில் ஓட்டினால், தீப்பொறியில் சுமார் 25 வோல்ட் நிற்கும். அதுவே 3000 வாட் ஆகிவிடுகிறது. மிஷின் தின்பதையும் சேர்த்தால் பிளக் தாங்காது என்பது கணக்குப் பார்த்தாலே தெரியும். ஆகவே வீட்டுப் பிளக்கில் 2.5 குச்சியோடு நிறுத்திக்கொள்ளவும். பெரிய குச்சி ஓட்ட வேண்டுமானால் லைசென்சு உள்ள வயர்மேனை வைத்துத் தனி லைன் இழுக்கவும். சுருட்டிய நீட்டு வயரை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும். சுருட்டியபடி வைத்தால் சூடேறி உருகிவிடும்.

கையும் கண்ணும் காதும்

ஒட்ட வேண்டிய இடத்தைக் கிரைண்டராலோ கம்பி பிரஷாலோ வெள்ளி போல மின்னும்வரை தேய்க்கவும். துரு, பெயிண்ட், எண்ணெய் ஒன்றும் இருக்கக்கூடாது. எர்த் கிளாம்ப்பைக் கடிக்கவைக்கும் இடத்தையும் அவ்வாறே தேய்க்கவும். குச்சி பற்றவில்லை, மிஷின் கெட்டுவிட்டது என்று என்னிடம் திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு, எர்த் கிளாம்ப் பெயிண்டின்மேல் கடித்திருந்ததுதான் காரணம்.

பற்றவைப்பது தீக்குச்சி உரசுவது போல. குச்சியின் நுனியை இரும்பின்மேல் இலேசாக உரசி, பொறி கிளம்பியதும் சற்றே தூக்கவும். அதிகம் தூக்கினால் அணைந்துவிடும், தூக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பதறாமல் மணிக்கட்டைத் திருகி இழுக்கவும். வராவிட்டால் ஹோல்டரின் பிடியை அழுத்திக் குச்சியை விட்டுவிடவும். முதல் நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படியே. இரும்புத் துண்டு ஒன்றை எடுத்துப் பற்றவைத்து அணைப்பதை மட்டும் ஐம்பது தடவை செய்யவும். வேறு வேலைக்கு அவசரப்பட வேண்டாம்.

பற்றியபின் குச்சியின் நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி, குச்சிக் கம்பியின் கனம் எவ்வளவோ அவ்வளவு. 2.5 குச்சியென்றால் இரண்டரை மில்லிமீட்டர். இதைக் கண்ணால் அளக்க முடியாது. காதால்தான் அளக்க வேண்டும். சரியான தூரத்தில் எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிவதைப் போன்ற ஒரே சீரான சத்தம் வரும். தூரம் கூடினால் புஸ்ஸென்று ஊதும், பொறி தெறிக்கும். குச்சி எரிய எரியக் குட்டையாகும் அல்லவா? அதனால் கையை முன்னே நகர்த்துவதோடு, கீழேயும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு அசைவு. ஆரம்பத்தில் தவறுவது இந்த இடத்திலேதான்.

குச்சியைப் போகும் திசைப் பக்கம் பத்து முதல் இருபது டிகிரி சாய்த்து, நுனியை இழுத்துக்கொண்டு போவது போல ஓட்டவும். நுனி பின்னோக்கிப் பார்ப்பதால் கசடு பின்னாலேயே தங்கிவிடும். நிமிர்த்தியோ தள்ளியோ ஓட்டினால் கசடு முன்னே ஓடிவந்து உருகிய இரும்புக்கு அடியில் புகுந்துகொள்ளும். ஒட்டின் வயிற்றில் கல் இருப்பது போலாகிவிடும். பார்க்க வேண்டியது பிரகாசமான பொறியையன்று. அதற்குச் சற்றுப் பின்னால் பளபளவென்று நெளியும் சின்னக் குட்டையைப் பார்க்க வேண்டும். அதற்கும் பின்னால் மங்கலாகச் சிவந்து தொடருவது கசடு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதித் தொழில் தெரிந்துவிட்டது. எனக்கு அது பிடிபட மூன்று வாரம் ஆயிற்று. என் உஸ்தாது பக்கத்தில் நின்று “பெலான், பெலான்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆறிய ஒட்டைப் பார்த்தே தப்பை அறியலாம். கயிறு போல ஒடுங்கி உயர்ந்து, ஓரம் இரும்போடு கலவாமல் நின்றால் கரண்டு போதவில்லை. தட்டையாகப் பரந்து ஓரத்தில் பள்ளம் விழுந்தால் கரண்டு மிஞ்சிவிட்டது, அல்லது குச்சியைத் தூக்கி ஓட்டியிருக்கிறீர்கள். ஒல்லியாகக் கூர் விழுந்தால் ஓட்டம் அதிகம். ஓரம் இரண்டும் சமமாக இரும்பில் இழைந்து, மேலே பிறை பிறையாக வரி விழுந்திருந்தால் சரி.

இரண்டு தகடு சேரும் மூலையில் ஒட்டும்போது குச்சியை இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து டிகிரியில் பிடிக்கவும். ஒன்று கனம், ஒன்று மெல்லிசு என்றால் கனமானதின் பக்கம் சூடு அதிகம் போகும்படி சாய்க்கவும். செங்குத்தாகவும் தலைக்கு மேலும் ஒட்டுவது பிற்பாடு கற்க வேண்டிய வித்தை. முடிந்தவரை சாமானைத் திருப்பிப் படுக்கவைத்தே ஒட்டவும்.

சட்டம், மேஜை, ஸ்டாண்டு எதுவானாலும் எடுத்தவுடன் முழு ஒட்டுப் போடக்கூடாது. நான்கு மூலையிலும் முதலில் டேக் வைத்து, கோணத்துக்குக் கோணம் குறுக்கே அளக்கவும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. பிறகு ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒட்டவும். ஒட்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டே போனால், மேஜை நாலு காலில் நிற்காமல் மூன்று காலில் நிற்கும்.

கசடைத் தட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளவும். அது சூடான கண்ணாடிச் சில்லு போலப் பறக்கும். ஒரு ஒட்டின்மேல் இன்னொன்று போடுமுன் பழைய கசடு முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

உடைத்துப் பார்ப்பது

அந்தச் சீனர் எனக்குக் கற்பித்தவற்றில் மிக உயர்ந்தது இதுதான். பழகும்போது இரண்டு துண்டை டி எழுத்துப் போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டவும். ஆறியபின் வைசில் பிடித்து, ஒட்டு இல்லாத பக்கம் நோக்கிச் சாயும்படி அல்லாமல், ஒட்டு வாயைப் பிளக்கும்படி எதிர்ப்புறத்திலிருந்து சுத்தியலால் அடித்து ஒட்டின் பக்கமாகவே மடக்கவும். நன்றாக ஒட்டியிருந்தால் சுலபத்தில் உடையாது, இரும்பே வளையும். உடைந்தால் உட்புறத்தைப் பார்க்கவும். சாம்பல் நிறத்தில் பொடிமணி போலப் பளபளப்பு மூலைவரை போயிருந்தால் நல்லது. கறுப்புக் கோடு தெரிந்தால் கசடு. ஓட்டை தெரிந்தால் ஈரமோ அழுக்கோ. மூலையில் வெட்டிய விளிம்பு அப்படியே முழுசாக நின்றால் இரும்பு உருகவேயில்லை. என் ஸ்டாண்டைச் செய்யுமுன் ஒரே ஒரு துண்டை இப்படி உடைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பையனின் பாதம் தப்பியிருக்கும்.

புதிய ஸ்டாண்டை அவர் சொன்னபடி செய்தேன். இம்முறை வளையத்தைக் கால்களின் பக்கவாட்டில் தொங்கவிடவில்லை. கால்களின் தலைமேல் உட்காரவைத்தோம். சட்டியின் பாரம் இரும்பிலிருந்து இரும்புக்கு நேராக இறங்குகிறது. ஒட்டுக்கு உள்ள வேலை, வளையம் நகராமல் பிடிப்பது மட்டுமே. கால்கள் அகலாதபடி அடியில் குறுக்குப் பட்டையும் கொடுத்தோம். நல்ல ஒட்டைவிட நல்ல அமைப்பு பெரிது என்பது அவருடைய கொள்கை. இத்தனை ரமலான் கடந்தும் அது நிற்கிறது.

அபாயங்கள்

வெல்டிங் வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி, எட்டு மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டினாற்போல எரியும். பத்து அல்லது பதினோராம் நம்பர் கண்ணாடி அவசியம். வெயிலுக்குப் போடும் கண்ணாடி உதவாது. வேடிக்கை பார்க்க நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். ஆகையால் தடுப்பு வைக்கவும், பற்றவைக்குமுன் சத்தம் கொடுக்கவும். அப்படிக் கண் எரிந்தால் தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போகவும்.

முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய சப்பாத்து. நைலான் ஜெர்சியில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சிலிப்பர் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்கிறவர்களை நான் தினம் பார்க்கிறேன், என்ன சொல்வது!

மிஷின் சும்மா இருக்கும்போதும் ஹோல்டரில் ஐம்பது முதல் எண்பது வோல்ட் நிற்கும். காய்ந்த கைக்கு அது பெரிதன்று. வேர்வையில் நனைந்த உடம்புக்கும் மழையில் நனைந்த தரைக்கும் அது உயிர் வாங்கப் போதும். குச்சியை வெறுங்கையால் மாற்ற வேண்டாம், ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்க வேண்டாம், ஈரத் தரையில் மண்டியிட வேண்டாம்.

வெள்ளைப் பூச்சுள்ள கல்வனைஸ் குழாயை ஒட்டினால் துத்தநாகப் புகை வெள்ளையாகக் கிளம்பும். அதை முகர்ந்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் பேச்சு. ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகைக்குப் பக்கவாட்டில் தலையை வைத்துக்கொண்டு செய்யவும். சாதாரண வெல்டிங் புகையையும் இலேசாக எண்ண வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2017-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்துக்களின் முதல் வரிசையில் சேர்த்திருக்கிறது.

பெட்ரோல், தின்னர், எண்ணெய் இருந்த பீப்பாய்களை, காலியாகத் தோன்றினாலும், எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் ஆவி குண்டாக வெடிக்கும். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, பொறி எங்காவது புகைகிறதா என்று பார்த்துவிட்டுப் போகவும்.

ஏணி, காஸ் சிலிண்டர், கார் சட்டம், பாரம் தூக்கும் கொக்கி இவற்றைப் பழகுகிறவர் தொடக்கூடாது. இதையே ஜீவனமாகக் கொள்ள விரும்பும் வாலிபர்கள், தொழிற்பயிற்சி நிலையமான ஐ.எல்.பி.யில் சேர்ந்து எஸ்.கே.எம். சான்றிதழுக்குப் படிக்கலாம். மிஷின் வாங்கும் பணத்தை அதற்குச் செலவிட்டால் கூடுதல் பிரயோஜனம். கடைக்காரனாகிய நானே இதைச் சொல்கிறேன்.

பொழுதுபோக்காகப் பழக விரும்புவோர், பத்து ஆங்கிள் துண்டும் ஒரு பெட்டி 2.6 குச்சியும் எடுத்துக்கொண்டு கடைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பின்கட்டில் இருப்பேன். வைசும் சுத்தியலும் அங்கே இருக்கின்றன. சப்பாத்துப் போட்டு வரவும்.